வடக்கே தலை வைத்த ஊர்

மாவளூர்க்காரர்கள் தூக்கத்தில் வடக்கே திரும்பத் தொடங்கியது, துத்தநாக ஆக்சைடில் காந்தம் கண்டேன் என்று நான் எழுதிய கட்டுரை அச்சில் வந்த அதே வாரத்தில்தான். அதனால் ஊர் அந்த இரண்டையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டது. நானும் அதை அவிழ்க்கவில்லை.

கிழக்கே தலை வைத்துப் படுத்தவர்களும், மேற்கே தலை வைத்துப் படுத்தவர்களும், பெரியவர்கள் சொல்கேட்டு ஒழுங்காகத் தெற்கே தலை வைத்துப் படுத்தவர்களும், விடிந்து பார்த்தால் வடக்கே தலை வைத்துக் கிடந்தார்கள். யாரும் புரளவில்லை, கட்டில் நகரவில்லை, போர்வைகூடக் கசங்கவில்லை. திசைகாட்டி முள் நிதானமாகத் தன் இடத்துக்கு வருவதைப் போல உடம்பு மூச்சு மாறாமல் திரும்பி நின்றது. தூளியில் கிடந்த குழந்தை தூளியோடு திரும்பியது. அரசு மருத்துவமனையில் காலில் கட்டுப் போட்டுக் கிடந்தவர்கள் கட்டோடு திரும்பினார்கள். பேருந்து நிலையத்தின் சிமெண்டு பெஞ்சுகள் கிழக்கு மேற்காகக் கிடந்ததால் அதில் படுத்தவர்கள் முதலில் கீழே விழுந்து, விழுந்த இடத்தில் திரும்பி, தூக்கத்தைத் தொடர்ந்தார்கள்.

ஊருக்கு வடக்கே கல்லூரி. கல்லூரியின் மாடியில் வேதியியல் துறை. அங்கே ஒரு கண்ணாடி ஜாடிக்குள், சட்டைப் பொத்தான் அளவில், நான் அரைத்து அழுத்திச் சுட்டெடுத்த வெளிறிய வில்லை. கல் என்றுதான் ஊர் அதைச் சொன்னது. புரொபசர் தணிகாசலத்தோட கல்லு இழுக்குது என்றார்கள். துத்தநாக ஆக்சைடு காயத்துக்குப் போடும் களிம்பில் இருக்கிற வெள்ளைப் பொடி, காந்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதில் ஒரு சிட்டிகை மாங்கனீசு சேர்த்தால், மின்சாரத்தையும் ஓரளவு கடத்தி, சாதாரண அறை வெப்பத்திலேயே காந்தமாகவும் நிற்கும் ஒரு திடப்பொருள் கிடைக்கும் என்று உலகத்தில் பல பேர் தேடிக்கொண்டிருந்த காலம் அது. எனக்குக் கிடைத்தது என்று நான் எழுதினேன். எழுதியபோது நம்பித்தான் எழுதினேன். இதை இப்போதும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், சொல்ல வேண்டியிருப்பதே சந்தேகமாக இருக்கிறது.

வடக்கே தலை வைக்காதே என்று தூங்கும் பிள்ளைகளை இழுத்துத் திருப்பிப் போட்டே வளர்த்த ஊர் அது. முதல் மாதம் பயந்தது. துண்டால் காலைக் கட்டில் சட்டத்தோடு கட்டிக்கொண்டு படுத்தார்கள். விடியும்போது துண்டு அவிழாமலே இருந்தது, காலும் அதற்குள்ளேயே இருந்தது, தலை மட்டும் எப்படியோ வடக்கே இருந்தது. சில பேர் உட்கார்ந்தே தூங்கிப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டு கைவிட்டார்கள். ஆனால் யாரும் அதனால் சாகவில்லை. சாகிறவர்கள் வழக்கம்போல் தத்தம் காரணங்களால் செத்தார்கள். ஒரே ஒரு வித்தியாசத்தை மருத்துவமனை நர்சுகள்தான் கண்டுபிடித்தார்கள்: சாகப்போகிறவர் கடைசி இரண்டு மூன்று நாள் திரும்புவதில்லை, படுத்த பக்கமே கிடக்கிறார். அதன் பிறகு திரும்புவது பயமாக இல்லை. திரும்பாமல் இருப்பதுதான் பயமாக ஆனது.

மெத்தைக் கடை காஜா மைதீன் முதல் வட்ட மெத்தையைத் தைத்தார். எந்தப் பக்கம் காலை நீட்டினாலும் எந்தப் பக்கம் தலை வந்தாலும் விளிம்புக்கு வெளியே போகாத மெத்தை. அது வீடு வீடாகப் போனது, பிறகு வாழ்த்தும் பிறந்தது. காலையில் பால் வாங்கப் போகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்து "திரும்பிச்சா?" என்று கேட்டார்கள். "நல்லாத் திரும்பிச்சு" என்று பதில் வந்தது. முதலிலேயே வடக்கே தலை வைத்துப் படுத்துவிடலாமே என்று வெளியூர் மாப்பிள்ளை ஒருவர் கேட்டபோது பெண் வீட்டார் சிரித்தார்கள். திரும்புவதுதான் தூக்கம், மற்றதெல்லாம் வெறும் படுக்கை என்று அதற்குள் ஊருக்குத் தெரிந்துபோயிருந்தது.

வடக்கு என்ற பேர்தான் உறுத்திக்கொண்டிருந்தது. காஜா மைதீன் பேரூராட்சித் தலைவரானதும் அதற்கும் வழி செய்தார். "திரும்புறத நம்மால நிறுத்த முடியாது. பேரை மாத்த முடியும்லா?" என்று மன்றத்தில் கேட்டார். தீர்மானம் நிறைவேறியது. அன்றிலிருந்து மாவளூரில் வடக்கு தெற்கானது, தெற்கு வடக்கானது. வடக்கு ரத வீதிப் பலகையும் தெற்கு ரத வீதிப் பலகையும் இடம் மாறின. கிழக்கையும் மேற்கையும் தொடவில்லை, சூரியனுக்கும் பள்ளிவாசலுக்கும் அவை வேண்டியிருந்தன. தாலுகா அலுவலகம் மட்டும் ஒப்புக்கொள்ளாமல் பத்திரங்களில் பழைய வடக்கு, புது வடக்கு என்று எழுதியது. பள்ளிக்கூடத்தில் பூகோள ஆசிரியர் வரைபடத்துக்கு இரண்டு விடைகள் சொல்லிக் கொடுத்தார், ஒன்று ஊருக்கு, ஒன்று அரசுத் தேர்வுக்கு. இப்படி ஒரு வருடத்துக்குள் ஊர் அதைச் செரித்து முடித்தது. கல்லூரி வாசலில் என் பெயர் போட்ட பலகை ஒன்று வைத்தார்கள். நான் அதன் கீழே நடந்து பதினான்கு வருடம் வேலைக்குப் போனேன்.

பிரிசில்லா என்னிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. மாவளூரில் தங்கவில்லை. முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தன் ஊரிலிருந்து தினமும் பேருந்தில் வந்தாள், சாயங்காலம் திரும்பிப் போனாள். என் வில்லையையே மறுபடி செய்து, மாங்கனீசின் அளவைக் கூட்டிக் குறைத்து, காந்தமும் மின்கடத்தலும் எப்படி மாறுகின்றன என்று பார்ப்பதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. இந்த வேலையில் வேகம் கிடையாது. பொடிகளை அகேட் கல் உரலில் நாலு மணி நேரம் அரைக்க வேண்டும், வில்லையாக அழுத்த வேண்டும், உலையில் ஒரு நாள் சுட வேண்டும், உடைத்து மறுபடி அரைக்க வேண்டும், மறுபடி சுட வேண்டும். பிறகு அதைச் சின்னக் குப்பியில் போட்டுப் பெருநகரத்துக் கருவி மையத்துக்கு அனுப்பிவிட்டு, நம் முறை வரும்வரை இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். வருவது ஒரு கோடு. காந்தம் இருந்தால் கோடு வளைந்து கண்ணியாகத் திரும்பும். இல்லாவிட்டால் நேராகப் போகும்.

நாலாம் வருடம் ஒரு மதியம் அவள் இரண்டு காகிதங்களோடு என் அறைக்கு வந்தாள்.

"சார், கொம்புக் கரண்டியால சுரண்டி எடுத்த தொகுதியில ஒண்ணுமே இல்ல. கோடு நேராப் போகுது."

"ஸ்பாட்டுலாவால சுரண்டினது?"

"உங்க கட்டுரையில இருக்கிற மாதிரியே வருது சார். அதே உயரம்."

உரலில் ஒட்டிக்கொள்ளும் பொடியை நாங்கள் ஸ்பாட்டுலா என்ற தட்டையான எஃகுக் கரண்டியால் சுரண்டுவோம்; இந்தத் தடவை அவள் மாட்டுக் கொம்பில் செய்த கரண்டியாலும் சுரண்டிப் பார்த்திருந்தாள். சுட்ட பொடி கடினம், எஃகு அதில் தேயும். தேய்ந்து விழுவது கண்ணுக்குத் தெரியாத தூசி, ஆனால் இரும்பு. வெள்ளைப் பொடிக்கு நான் கண்டுபிடித்த காந்தம் என் கையில் இருந்த கரண்டியுடையது. அவள் அதைச் சொல்லவில்லை. இரண்டு காகிதங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றாள்.

"இன்னொரு தடவை செஞ்சு பாரும்மா" என்றேன்.

எங்கள் தொழிலில் இதைவிட நியாயமான வாக்கியம் கிடையாது. யாரும் இதைக் குறை சொல்ல முடியாது. அவள் இன்னொரு தடவை செய்தாள். நேர்க்கோடு வந்தது. உலையின் வெப்பநிலையை மாற்றிச் செய்யச் சொன்னேன். புது ரசாயன டப்பா திறந்து செய்யச் சொன்னேன். மழைக்காலத்தில் செய்யச் சொன்னேன். ஒவ்வொரு தடவைக்கும் மூன்று மாதம் போனது. நடுவில் இரண்டு கல்லூரிகளில் நிரந்தர வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்து, பட்டம் இல்லையென்று அவளைத் திருப்பி அனுப்பினார்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வழிகாட்டியின் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்து என்னிடம் இருந்தது. இப்படி மூன்று வருடம்.

துறை ஊழியர் வழியாகச் செய்தி டீக்கடைக்குப் போய், டீக்கடையிலிருந்து காஜா மைதீனுக்குப் போயிற்று. அவர் வீட்டுக்கே வந்தார்.

"அந்தப் பிள்ள கல்லுல ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்காமே புரொபசர்?"

"எழுதியிருக்கா."

"அப்ப நாங்க?"

என் மனைவி சுகந்தி கொண்டுவந்த காப்பியை அவர் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "நான் வியாபாரத்துக்குப் பேசல. வட்ட மெத்த இல்லன்னா சதுர மெத்த தைப்பேன். நாலாயிரம் குடும்பம் உங்க கல்லுக்குத் தலையக் குடுத்துப் படுத்திருக்கு. காரணம் இருக்குன்னுதான் நிம்மதியாத் தூங்குதோம். காரணம் இல்லன்னு வைங்க, அப்ப அது நோய். நோய்னு ஒருத்தன் சொல்லிட்டா பொறவு எவன் தூங்குவான்?"

"அந்தப் பொண்ணுக்குப் பட்டம் வேணும் தலைவரே."

"வேற எதையாச்சும் எழுதி வாங்கிக்கிடச் சொல்லுங்க. பெயிண்டப் பத்தி எழுதச் சொல்லுங்க. எங்க ஊர்ல எந்தப் பெயிண்டும் ஒரு மழைக்கு நிக்கல, உருப்படியா இருக்கும்."

காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதுதான் அலுப்பாக இருந்தது.

அவருக்குத் தெரியாத இரண்டு விஷயங்கள் எனக்குத் தெரியும். ஒன்று, ஊர் திரும்பத் தொடங்கிய ஐந்தாம் வருடம் ஒரு தீபாவளிக்கு நான் அந்த வில்லையைப் பஞ்சில் சுற்றி, டிபன் பாக்சில் போட்டு, மைத்துனர் ஊருக்குப் பேருந்தில் எடுத்துப் போனேன். அது மாவளூருக்குத் தெற்கே நாற்பது கிலோமீட்டர். பத்து நாள் அங்கே இருந்தோம். ஒவ்வொரு நாளும் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, மாடிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்றா என்று கேட்டுவிட்டு, திரும்பிச்சா என்றும் கேட்டேன். நல்லாத் திரும்பிச்சு என்றார்கள், எப்போதும்போல அந்தப் பக்கம்தான் என்றார்கள். கல் தெற்கே என் மடியில் இருக்க, ஊர் வடக்கே திரும்பிக்கொண்டிருந்தது. முதலாம் ஆண்டு மாணவனுக்கே தெரியும் இது என்ன சோதனை, இதற்கு என்ன பொருள் என்று. நான் வில்லையைத் திருப்பிக் கொண்டுவந்து ஜாடியில் வைத்து மூடினேன்.

இன்னொன்று, நான் ஒரு நாளும் திரும்பியதில்லை. படுத்த பக்கமே விழிப்பேன். சாகப்போகிறேன் என்று முதல் வருடம் பயந்தேன். சாகவில்லை. பிறகு அது வெட்கமாக மாறியது. சுகந்தி எழுவதற்கு முன்னால் விழித்துக்கொண்டு, தலையணையைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுக்கொண்டு, மறுபடி கண்ணை மூடிக் கிடப்பேன். பிறகு அவள் கேட்பாள், திரும்பிச்சா என்று. திரும்பிச்சு என்பேன். ஊரையே திருப்பியவன் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அவன் மட்டும் திரும்பாமல் கிடந்தால் அது என்ன பொருள், எதற்குச் சான்று, அல்லது எதற்குத் தண்டனை என்றெல்லாம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். பதில் இல்லாத கேள்வியை அதிக நாள் வைத்திருந்தால் அது வீட்டுச் சாமானில் ஒன்றாகிவிடுகிறது.

சித்திரை மாதம், மதியம் மூன்று மணி. ஆய்வகத்துக்குள் போனேன். உலை ஓடிக்கொண்டிருந்தது, அதன் வெக்கை அறை முழுக்க நின்றது. பிரிசில்லா அரைத்துக்கொண்டிருந்த உரலைத் தள்ளி வைத்துவிட்டு, மேசையில் கை மடித்து, அதில் முகம் வைத்துத் தூங்கிவிட்டிருந்தாள். ஏழு வருடத்தில் அவள் மாவளூரில் தூங்கி நான் பார்த்ததில்லை. சுவரைப் பார்த்து, தெற்கே தலை வைத்திருந்தாள். நான் பார்த்துக்கொண்டே இருக்க, அவள் உட்கார்ந்திருந்த முக்காலி சத்தமில்லாமல் சுழன்றது, மேசை ஓரமாகவே நகர்ந்து மறுபக்கம் வந்து நின்றது, கை கலையாமல், கையின்மேல் முகம் கலையாமல், அவள் தலை வடக்கே வந்து அமர்ந்தது. கல்லில் ஒன்றுமில்லை என்று உலகத்தில் மற்ற எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவள் அவள். அவளும் திரும்பினாள். கல் இருந்த ஜாடி மேசையில், அவளுக்கு மேற்கே, இரண்டடி தூரத்தில் இருந்தது. அதன் பக்கம் அவள் தலை சாயக்கூட இல்லை.

ஆனால் என் கண் நின்றது அதில் அல்ல. அவள் காதோரத்தில் முடி நரைத்திருந்தது. நான் நின்ற பக்கம் அந்த நரை தெரியும்படிதான் திரும்பியிருந்தாள்.

விழித்தவள் அவசரமாக எழுந்தாள். "சாரி சார். பன்னெண்டாவது தொகுதி நாலு மணிக்கு எடுக்கணும்."

"உலையை அணைச்சிடும்மா" என்றேன். "ஏட்டைக் கொண்டா. கையெழுத்துப் போடறேன்."

அவள் உலையின் சுவிட்சை அணைத்தாள். பிறகு, பழக்கத்தில், அணைத்த நேரத்தை நோட்டில் எழுதினாள்.

அன்று வீட்டுக்குப் போய் சுகந்தியிடம் சொன்னேன், பிரிசில்லாவின் ஏட்டில் கையெழுத்துப் போடப்போகிறேன் என்று, நான் திரும்புவதில்லை என்றும். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"தெரியும்."

"எப்படி?"

"தலகாணியத் தூக்கிப் போடும்போது கட்டில் கிரீச்சுங்குமே. எனக்கு என்ன காது செவிடா?"

"ஏன் கேக்கல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். பதினாலு வருஷம் ஆகும்னு நினைக்கல." கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள், வெங்காயத்துக்காகத்தான். "சட்டைக்கு இஸ்திரி போடணுமா, அந்த வாய்மொழித் தேர்வுக்கு?"

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வைப் பொதுமக்கள் முன்னிலையில்தான் நடத்த வேண்டும் என்பது விதி. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம். வழக்கமாக இருபது பேர் வருவார்கள், அதில் பதினெட்டுப் பேர் துறைக்காரர்கள். பிரிசில்லாவின் தேர்வுக்கு மாவளூர் வந்தது. கருத்தரங்க அறை நிறைந்து, வராந்தா நிறைந்து, படியெல்லாம் ஆள் நின்றார்கள். காஜா மைதீன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் இவ்வளவு கூட்டத்தைப் பார்த்து, ஊரில் அறிவியல் ஆர்வம் அதிகம்போல என்றார். ஆமாம் என்றேன்.

அவள் முக்கால் மணி நேரம் பேசினாள். நேர்க்கோடுகளைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினாள், பதினோரு நேர்க்கோடுகள். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சரி. அப்போ உங்க வழிகாட்டியோட பழைய மாதிரியில இரும்பு எப்படி வந்தது?"

"கையாளும்போது வந்திருக்கலாம் சார்."

"யார் கையாண்டது?"

அவள் மைக்கைப் பார்த்தாள். வழிகாட்டியின் பெயரை மாணவி சொல்லி எந்த அறையிலும் நான் கேட்டதில்லை. அவளும் சொல்லமாட்டாள். வேறு எதையாவது சொல்வாள், அது மழுப்பலாக இருக்கும், தேர்வாளர் அதைக் குறிப்பில் எழுதுவார், திருத்தி வா என்பார், இன்னும் ஆறு மாதம் போகும். வழிகாட்டிதான் கூட்டத்தை நடத்துவான், நடத்துகிறவன் தேர்வின்போது பேசக் கூடாது. எழுந்தேன்.

"நான்தான். எஃகு ஸ்பாட்டுலாவால சுரண்டினேன். அந்தக் கட்டுரை தப்பு. இவங்க மூணு வருஷத்துக்கு முந்தியே அதைக் கண்டுபிடிச்சுச் சொன்னாங்க. நான்தான் இன்னொரு தடவை, இன்னொரு தடவைன்னேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. வில்லையை டிபன் பாக்சில் எடுத்துப் போனதையும், ஊர் திரும்புவது அதனால் நிற்காததையும் சொன்னேன். நான் ஒரு நாளும் திரும்பியதில்லை என்பதையும் சொன்னேன். பிறகு பொதுமக்கள் கேள்வி கேட்கலாம் என்று விதிப்படி அறிவித்துவிட்டு உட்கார்ந்தேன்.

காஜா மைதீன் எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்.

"அப்ப நாங்க எதுக்கும்மா திரும்புதோம்?"

"தெரியாதுங்க ஐயா. என் ஆய்வுல அது இல்ல."

"நோயா?"

"அதுவும் தெரியாது ஐயா. யாரும் சோதிச்சுப் பார்க்கல."

"தெரியாதுன்னா, நோய்னு எவனும் சொல்லவும் முடியாதுல்லா?"

அவள் யோசித்தாள். அவளிடம் கேட்ட எந்தக் கேள்விக்கும் போலவே இதற்கும் நேரம் எடுத்துக்கொண்டாள். "முடியாது ஐயா."

"அது போதும்" என்று உட்கார்ந்தார்.

அறை மூச்சுவிட்டது. பத்து நிமிடத்தில் பட்டத்துக்குப் பரிந்துரை வாசிக்கப்பட்டது, கை தட்டினார்கள், வராந்தாவில் டீயும் போண்டாவும் வந்தன. ஊர் தட்டுகளோடு நின்று பேசியது. கல்லு இல்லாமலே திரும்புதோம்னா அது நம்ம திருப்பம்தானே என்று ஒருவர் சொன்னார். எவனோ இழுத்துத் திரும்புறதுக்கு இது மேல் என்றார் இன்னொருவர். பலகைகளை மறுபடி மாற்றலாமா என்று பூகோள ஆசிரியர் கேட்டதற்கு, பிள்ளைகள் படித்துவிட்டார்கள், இருக்கட்டும் என்றார்கள். கல்லூரி வாசலில் என் பெயர் போட்ட பலகையை என்ன செய்வது என்றுகூட யாரும் கேட்கவில்லை. பதினான்கு வருடம் என்னிடம் விட்டுவைத்திருந்த அந்தத் திருப்பத்தைப் போண்டாத் தட்டு காலியாவதற்குள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். யாரும் கோபப்படவில்லை. கடந்து போகும்போது சிலர் எனக்கு வழி விட்டார்கள். வீட்டில் சாவு கண்டவனுக்கு அப்படித்தான் வழி விடுவார்கள்.

பிறகு பட்டம் பெற்றவர் மரியாதை செய்யும் நேரம். பிரிசில்லா தேர்வாளருக்குப் பொன்னாடை போர்த்தினாள், துறைத்தலைவருக்குப் போர்த்தினாள். மூன்றாவதை மடிப்பு கலைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். நான் தலையைக் குனிந்தேன். அவள் என் தோளைச் சுற்றிப் போர்த்தி, முனையை முன்னால் இழுத்துச் சரி செய்தாள். அவள் முகம் என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

"மூணு வருஷம் சார்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. உலையின் வெப்பநிலையை வாசித்துச் சொல்வதைப் போலச் சொன்னாள். நான் பதிலுக்கு எதையோ தேடினேன், கிடைத்தது எல்லாமே அவளை இன்னும் கொஞ்சம் காத்திருக்கச் சொல்வது போல இருந்தது.

"சார், கொஞ்சம் பக்கத்துல வாங்க" என்றார் போட்டோ எடுப்பவர். "மேடம், அந்த முனையைப் பிடிச்சுக்கோங்க, இப்பதான் போர்த்துற மாதிரி. ரெண்டு பேரும் இங்க பாருங்க."

பார்த்தோம்.